கமிட்டியில் சேர்ந்துவிட்டீர்களா? அறநிறுவனக் கூட்டம் நடப்பது இப்படித்தான்

சிங்கப்பூரில் ஒரு தமிழருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது ஏதாவது ஓர் அமைப்பிலிருந்து தொலைபேசி வந்துவிடும். "உங்க பேரக் கமிட்டியில போட்ருக்கோம்ணே. ரெண்டு மாசத்துக்கு ஒரு மீட்டிங்தான், வேலை ஒண்ணும் இருக்காது." கோயிலாக இருக்கலாம், துணைப்பாட வகுப்பு நடத்தும் சங்கமாக இருக்கலாம், முதியோருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் குழுவாகவும் இருக்கலாம். நல்ல காரியம்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது முதல் கூட்டத்தில் போய் உட்காரும்வரை பலருக்குத் தெரிவதில்லை. உட்கார்ந்த பிறகும் சிலருக்குத் தெரிவதில்லை.

அமைப்பின் வகையைப் பொறுத்து இந்தக் குழுவுக்குப் பெயர் மாறும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் செயலவை அல்லது நிர்வாகக் குழு. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட, அதாவது பங்குதாரர் இல்லாத, நிறுவனமாக இருந்தால் இயக்குநர் சபை. அறக்கட்டளைப் பத்திரம் எழுதித் தொடங்கியதாக இருந்தால் அறங்காவலர்கள். இந்து அறக்கட்டளை வாரியம் போலத் தனிச் சட்டத்தால் உருவானவையும் உண்டு. பெயர் எதுவானாலும், அமைப்பைக் கட்டுப்படுத்தி நடத்துகிறவர்கள் எல்லாரும் 1994ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டத்துக்கு ஒன்றுதான். அறநிறுவனமாகப் பதிவு பெறுவதற்குக் குறைந்தது மூன்று பேர் இப்படி இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். கடனில் மூழ்கி நொடித்துப்போனவர் என அறிவிக்கப்பட்டு அதிலிருந்து இன்னும் விடுபடாதவரும், நேர்மையின்மை சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றவரும் பொதுவாக இதில் இருக்க முடியாது. உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் வழக்கம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. அதிகாரம் தலைவரிடம் இல்லை, செயலாளரிடம் இல்லை, முப்பது வருடமாக அமைப்பைத் தூக்கிச் சுமக்கும் மூத்தவரிடமும் இல்லை. முறையாகக் கூட்டிய கூட்டத்திடம்தான் இருக்கிறது. கோப்பிக்கடையில் தலைவரும் பொருளாளரும் பேசி முடித்துவிட்டு, கூட்டத்தில் வந்து "இப்படி முடிவு பண்ணிட்டோம்" என்று சொன்னால், அது இன்னும் முடிவாகவில்லை. இருவரின் யோசனை, அவ்வளவுதான். நம் அமைப்புகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது: முடிவு வெளியே எடுக்கப்படும், அதை அறிவிக்கக் கூட்டம் கூடும். முன்னறிவிப்பு, கோரம் (குறைந்தபட்ச வருகை), கூட்டக் குறிப்பு என்று கீழே வரும் சடங்குகள் எல்லாம் இந்தத் தலைகீழ் வழக்கத்துக்குப் போட்ட கடிவாளம் என்று எடுத்துக்கொண்டால், அவை எதற்கு என்று தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விதி எங்கே எழுதியிருக்கிறது?

எத்தனை நாளுக்கு முன் அறிவிப்பு கொடுக்க வேண்டும், எத்தனை பேர் வந்தால் போதும் என்பதற்கெல்லாம் நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. உங்கள் அமைப்பின் சொந்த விதிப்புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் அது அமைப்பு விதி. அறக்கட்டளைக்கு அறக்கட்டளைப் பத்திரம். சேர்ந்தவுடன் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். "அது யார்கிட்ட இருக்குன்னு தெரியலையே" என்று பதில் வந்தால் அந்த அமைப்பைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டீர்கள் என்று பொருள்.

சங்கப் பதிவகம் புதிய சங்கங்களுக்கென ஒரு மாதிரி அமைப்பு விதி வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் சிறிய சங்கங்கள் பலவற்றின் விதிகளில் அதன் வாசனை அடிக்கும். நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. தலைவர் மட்டும் எப்போது வேண்டுமானாலும் ஐந்து நாள் அறிவிப்பில் கூட்டலாம். குழுவில் குறைந்தது பாதிப் பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். தக்க காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டவராகக் கருதப்படுவார். இந்தக் கடைசி விதியை யாரும் படிப்பதில்லை. தேர்தல் நெருங்கும்போது மட்டும் திடீரென்று எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

அமைப்பு விதிக்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: அறநிறுவனங்களுக்கான நன்னிர்வாக நெறிமுறை. 2007இல் முதலில் வந்தது. பிறகு சில முறை திருத்தப்பட்டு, 2023இல் வெளியான பதிப்புதான் இப்போது நடப்பில் உள்ளது. இது சட்டம் இல்லை. பின்பற்று, அல்லது ஏன் பின்பற்றவில்லை என்று விளக்கு என்பது இதன் முறை. ஆண்டுதோறும் நன்னிர்வாக மதிப்பீட்டுப் பட்டியலை நிரப்பி, ஆண்டறிக்கையோடும் கணக்கறிக்கையோடும் சேர்த்து, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அறநிறுவன ஆணையரிடம் கொடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்

நல்ல கூட்டம் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிகழ்ச்சி நிரல், போன கூட்டத்தின் குறிப்பு, பொருளாளரின் கணக்கு, முடிவெடுக்க வேண்டிய விஷயங்களுக்கான தாள்கள், இவை நான்கும் உறுப்பினர்களின் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்த பிறகு முப்பது பக்கத்தைக் கையில் திணித்து "ஒரு நிமிஷம் பாத்துட்டு ஓக்கே சொல்லுங்க" என்றால், படிக்கவில்லை, ஒத்திவையுங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அது அடுத்த கூட்டத் தேதி, யாருக்காவது நன்றி என்பது போன்ற சில்லறைக்கானது. பத்தாயிரம் வெள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்குவதை அங்கே கொண்டுவந்தால், வராதவர்களுக்குத் தெரியாமல் காரியம் முடிகிறது என்றுதான் அர்த்தம். அதை அடுத்த கூட்டத்தின் நிரலில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை. நெறிமுறையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்ன அளவு இது: குழுவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது மூன்று பேர், இவற்றில் எது அதிகமோ அது; அமைப்பு விதி வேறு எண் சொன்னால் அதன்படி. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நான்கு பேர். மேலே சொன்ன மாதிரி விதியின் பாதிக் கணக்கில் அதே குழுவுக்கு ஆறு பேர். பாதிக் கணக்கு நடப்பில் உள்ள அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஆறு பேர் இருந்து, இரவு ஒன்பதரைக்கு இருவர் "கடைசி பஸ்" என்று எழுந்து போய்விட்டால் மீதி நால்வர் என்ன செய்வது? அரட்டை அடிக்கலாம், தகவல் பகிரலாம். முடிவு எடுக்கக்கூடாது. அதனால்தான் அனுபவமுள்ள செயலாளர்கள் பணம் சம்பந்தப்பட்டதை நிரலின் மேலேயும், கலைநிகழ்ச்சிக்கு யார் அறிவிப்பாளர் என்பதைக் கீழேயும் வைக்கிறார்கள்.

ஸூம் வழியாக வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதற்கும் அமைப்பு விதிதான் பதில். விதி பழையதாக இருந்து இதைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், அடுத்த பொதுக்கூட்டத்தில் திருத்தி எழுதிவிடுவது நல்லது.

பொருளாளர் வாய் திறக்கும்போது

கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பல குழுக்களில் இது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்: "கணக்கு எல்லாம் சரியா இருக்கு, பேங்க்ல எண்பத்திரண்டாயிரம் இருக்கு." அனைவரும் தலையாட்ட, நிகழ்ச்சி நிரலின் அடுத்த எண்.

அந்த எண்பத்திரண்டாயிரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் இருபதாயிரம், ஒரு குடும்பம் தங்கள் தாயார் நினைவாக மாணவர் உபகாரச் சம்பளத்துக்கென்று கொடுத்தது. அது அந்த நோக்கத்துக்கு மட்டுமே. வாடகைக்கோ ஆண்டுவிழாவுக்கோ எடுக்க முடியாது. இன்னொரு பதினைந்தாயிரம் அரசாங்க மானியம், குறிப்பிட்ட திட்டத்துக்கு. மீதி நாற்பத்தேழாயிரம்தான் கையில் புழங்கும் பணம். மாதச் செலவு ஐயாயிரம் என்றால் ஒன்பது மாதம் தாங்கும். இப்போது அந்த ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே பொருளாளர் அறிக்கையில் குறைந்தபட்சம் இவை வேண்டும்: எந்தப் பணம் எந்த நோக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டது, வரவு செலவுத் திட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கே கூடியிருக்கிறது எங்கே குறைந்திருக்கிறது, புத்தகக் கணக்கும் வங்கி அறிக்கையும் ஒத்துப்போகின்றனவா. வங்கி அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்பது பொருளாளரைச் சந்தேகிப்பதாகாது. நல்ல பொருளாளர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார். ஏனென்றால் அது அவருக்கே பாதுகாப்பு.

பொருளாளர் பதவிக்குக் காலவரம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான். நெறிமுறைப்படி ஒருவர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் அந்தப் பதவியில் இருக்கக்கூடாது. சங்கப் பதிவகத்தின் மாதிரி விதி இன்னும் கண்டிப்பு: மற்றப் பொறுப்பாளர்கள் மீண்டும் அதே பதவிக்கு வரலாம், பொருளாளர் அடுத்தடுத்த தவணைக்கு வரமுடியாது. "வேற ஆளே இல்லையே" என்ற பதில் நம் சங்கங்களில் அடிக்கடி கேட்கிறது. இளையர் ஒருவரைத் துணைப் பொருளாளராகப் போட்டு இரண்டு வருடம் பழக்கியிருந்தால் ஆள் இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

"நம்ம ஆளுதானே, உட்காருங்கண்ணே"

புதியவர்களுக்கு மிகவும் சங்கடமான இடம் இது. ஆண்டு விருந்துக்குச் சமையல் ஒப்பந்தம். மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் துணைத்தலைவரின் மைத்துனர். விலையும் குறைவு, சாப்பாடும் எல்லாரும் சாப்பிட்டுப் பார்த்ததுதான், நன்றாகவே இருக்கும்.

துணைத்தலைவர் செய்ய வேண்டியது: அந்த விஷயம் எடுக்கப்பட்டவுடன், யாரும் கேட்பதற்கு முன், "இதில் ஒருவர் என் மைத்துனர்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போவது. விவாதத்திலும் வாக்கிலும் கலந்துகொள்ளக்கூடாது. எழும்போதுதான் யாராவது ஒருவர் பாசத்தோடு சொல்வார்: "அட, நம்ம ஆளுதானே, உட்காருங்கண்ணே, நாங்க என்ன தப்பாவா நினைக்கப் போறோம்?" தலைவரின் தரம் தெரிவது இந்த நொடியில்தான். "இல்லப்பா, அண்ணன் வெளிய இருக்கட்டும், பத்து நிமிஷம்தான்" என்று சொல்கிறவர் துணைத்தலைவருக்கு நன்மை செய்கிறார். உட்கார வைக்கிறவர், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலைக்கு அவரைத் தள்ளுகிறார்.

அவர் போனதும் செயலாளர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். மீதி இருப்பவர்களால் கோரம் தேறுகிறதா என்று எண்ண வேண்டும். பிறகு, யார், என்ன உறவைச் சொன்னார், எப்போது வெளியேறினார், எப்போது திரும்பினார் என்று குறிப்பில் எழுத வேண்டும். அதன்பின் மைத்துனருக்கே ஒப்பந்தம் கொடுத்தாலும் தவறில்லை. குறைந்த விலை, நல்ல சாப்பாடு, காரணம் எழுத்தில். உறவினருக்கு வேலையே கொடுக்கக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. உறவை மறைத்துக் கொடுப்பதுதான் பிரச்சினை.

மைத்துனர் என்றால் எளிதில் தெரிந்துவிடும். மனைவி வேலை பார்க்கும் கம்பெனி, தான் பங்கு வைத்திருக்கும் அச்சகம், இன்னொரு அறநிறுவனத்திலும் வகிக்கும் பொறுப்பு, இவையெல்லாம் தெரியாது. அதனால் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் எழுத்தில் அறிவிப்பு வாங்கிவைக்கிறார்கள்.

கை தூக்கலும் குறிப்பு எழுதலும்

முடிவு பெரும்பாலும் ஒருமனதாக வந்துவிடும். வராதபோது வாக்கு. ஆளுக்கு ஒன்று, சரிசமமாக விழுந்தால் தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டா என்பதை அமைப்பு விதி சொல்லும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சம்மதித்ததாகத்தான் கொள்ளப்படும். உடன்பாடில்லை என்றால் "என் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் இதைச் சண்டைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்த்து வாக்களித்தவரும் கூட்டம் முடிந்த பிறகு அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தான், வெளியே போய் அதற்கு எதிராகப் பேசக்கூடாது.

கூட்டக் குறிப்பு எழுதுவதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை இப்படி: "வகுப்பறை வாடகை குறித்து நீண்ட நேரம் விவாதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் தங்கள் மேலான கருத்துகளை எடுத்துரைத்தனர். தலைவர் அனைவருக்கும் நன்றி கூறினார்." தமிழ் நன்றாக இருக்கிறது, தகவல் ஒன்றும் இல்லை. இன்னொரு வகை:

"5. வகுப்பறை வாடகை. பொருளாளர் மூன்று இடங்களின் விலையை முன்வைத்தார். சமூக மன்ற அறையை ஜனவரி முதல் ஜூன் வரை, மாதம் 600 வெள்ளிக்கு மிகாமல் எடுப்பதென முடிவானது. முன்மொழிந்தவர் செயலாளர், வழிமொழிந்தவர் துணைத்தலைவர். எதிர்த்தவர் ஒருவர்: பயணத் தூரம் அதிகம் எனக் காரணம் கூறினார். பொறுப்பு: செயலாளர், டிசம்பர் 10க்குள்."

என்ன முடிவு, எவ்வளவு, யார், எப்போது. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்தாலும் இந்த ஒரு பத்தி போதும். யார் யாரை என்ன சொன்னார் என்ற வசனமெல்லாம் குறிப்பில் வேண்டியதில்லை. வரைவை ஒரு வாரத்துக்குள் சுற்றுக்கு விட்டு, அடுத்த கூட்டத்தில் திருத்தங்களோடு ஏற்று, தலைவர் கையெழுத்திட்டால் அது பதிவாகிவிடும். நினைவு மங்கிய பிறகு ஆறு மாதக் குறிப்பை ஒரே இரவில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது குறிப்பு இல்லை, புனைகதை.

கூட்டமே ஒப்புக்கு நடந்தால்

2005 ஜூலையில் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றத்தில் வெடித்ததை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் முழுக்கப் பேசியது தங்க முலாம் பூசிய தண்ணீர்க் குழாயையும், தலைமை நிர்வாகியின் ஆண்டுக்குச் சுமார் 600,000 வெள்ளி சம்பளத்தையும்தான். அதே மாதம் வாரியம் முழுவதும் பதவி விலகியது. ஆண்டுக் கடைசியில் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அதிகாரம் எப்படி ஒருவர் கையில் குவிந்துபோனது என்பதை விரிவாகச் சொன்னது. குழாயைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே வாரியம் இருந்தது. படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நன்னிர்வாக நெறிமுறை வந்தது இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது 2018இல். லிட்டில் இந்தியாவின் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் குறித்த விசாரணை முடிவை வெளியிட்ட அறநிறுவன ஆணையர், நிர்வாகத்தில் கடுமையான சீர்கேடு இருந்ததாகச் சொன்னார். கோயில் என்பதால் கணக்கு கேட்கக்கூடாது என்ற பழைய கூச்சம் அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இரண்டு கூட்டங்களுக்கு இடையில்

எல்லாவற்றுக்கும் கூட்டம் கூட்ட முடியாது. அதற்குத்தான் அதிகாரப் பகிர்வு: 500 வெள்ளி வரை செயலாளர் செலவு செய்யலாம், 3,000 வரை தலைவரும் பொருளாளரும் சேர்ந்து, அதற்குமேல் குழு, என்பது போல எழுத்தில் ஒரு வரம்பு. எண்கள் அமைப்புக்கு அமைப்பு மாறும். எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மாறாது. நிதி, தணிக்கை, திட்டம் என்று துணைக்குழுக்கள் வைத்தால் அவை ஆராய்ந்து பரிந்துரைக்கலாம். பொறுப்பு மட்டும் முழுக் குழுவிடமே தங்கிவிடும். ஊழியர்கள் கூட்டத்துக்கு வந்து விளக்கம் தரலாம்; தங்கள் சொந்தச் சம்பளத்தைப் பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடமில்லை.

வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் ஓக்கேவா?" என்று கேட்டு, ஐந்து கட்டைவிரல் விழுந்ததும் காசோலை எழுதும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. சுற்றறிக்கை மூலம் தீர்மானம் நிறைவேற்றுவதை அமைப்பு விதி அனுமதித்தால், தீர்மானத்தின் முழு வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொருவரின் பதிலையும் சேமித்து, அடுத்த கூட்டத்தின் குறிப்பில் பதிவு செய்ய வேண்டும். விதி அனுமதிக்கவில்லை என்றால் எத்தனை கட்டைவிரல் விழுந்தாலும் அது தீர்மானம் ஆகாது. கணக்குப் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். வாட்ஸ்அப் உரையாடல் ஒரு கைப்பேசி மாற்றத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வேறு. அங்கே பேசுவது குழு இல்லை, உறுப்பினர்கள். மாதிரி விதிப்படி இரண்டு வார முன்னறிவிப்பு. வாக்குரிமை உள்ளவர்களில் 25 விழுக்காடு அல்லது 30 பேர், எது குறைவோ அது கோரம். தேறாவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, அதன்பிறகு இருப்பவர்களைக் கொண்டே நடத்தலாம். ஆனால் அப்போது அமைப்பு விதியைத் திருத்த முடியாது. மண்டபத்தில் சாப்பாடு ஏற்பாடு செய்தால் கோரம் தேறிவிடும் என்பது நம் சங்கங்கள் கண்டுபிடித்த நடைமுறைத் தீர்வு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கூட்டத்துக்கு யார் எத்தனை முறை வந்தார் என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடும்படி நெறிமுறை கேட்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து குழுவில் இருப்பவர் ஏன் தேவைப்படுகிறார் என்ற காரணத்தையும் கேட்கிறது. உங்களை அழைத்த அமைப்பு பதிவு பெற்ற அறநிறுவனம் என்றால், அறநிறுவன இணைய வாசலில் அதன் பெயரைத் தட்டிப் பாருங்கள்: குழுவில் யார் யார், வரவு செலவு எவ்வளவு, அறிக்கைகளை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். தொலைபேசியில் சரி சொல்வதற்கு முன் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.